சாகடிக்கத் தெரியாத கார்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கொலை ஆசையில் பிறந்தது. வட ஜப்பானின் தோமாகோமாய் ஊரில், கடை வாசலில் ஒரு ஹைட்ரஜன் கார் நின்றிருந்தது. பின்குழாயிலிருந்து தண்ணீர் சொட்ட, விழுந்த இடத்தில் பனிக்கட்டி முளைத்திருந்தது. ஆகா! பனிப்புயல், புதைந்த கார், அடைபட்ட குழாய், உள்ளே திரும்பும் புகை. ஆள் காலி. எங்கள் ஹொக்காய்டோவில் எல்லோரும் பயப்படுகிற சாவு.

வீட்டுக்கு ஓடிவந்து எழுதினேன்: கயோவின் மூச்சு மெல்ல மெல்ல

(நிறுத்தினேன். அந்தக் காரில் புகையே கிடையாதே. தண்ணீர் மட்டும்தான். என் கொலை பணால்.)

2

ஆனால் கயோ ஏற்கெனவே அந்தக் காரோடு புயலில் மாட்டியிருந்தாள். பக்கத்தில் கணவன் தெய்ஜி. நகராட்சியில் பனி அள்ளுபவன். புதைந்த கார்களிலிருந்து பிணங்களை இழுத்தவன்.

"வண்டிய அணைடி முதல்ல. தூக்கத்துலயே போயிடுவோம்."

"உன் ஓட்டை லாரின்னு நெனச்சியா? இது வெறும் தண்ணியத்தான் விடும். அணைச்சா வெறைச்சு சாவோம், பரவால்லயா?"

பொத்தானுக்கு நீண்ட அவன் கையை அவள் தட்டிவிட்டாள்.

(இங்கே தெய்ஜியை முட்டாளாக்கப் பார்த்தேன். முடியவில்லை. அது கண்ணால் கண்டவனின் பயம்.)

3

அப்போது பார்த்து காரின் முன்பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது! எனக்கே உறைக்காத விஷயம்: தண்ணீரும் உறையும். சொட்டியதெல்லாம் கட்டியாகி, மேலே வளர்ந்து, குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வெளியேற வழியில்லையென்றால் கார் நின்றுவிடும். சூடும் போய்விடும்.

தெய்ஜி வாதாடவில்லை. வண்டி இழுக்கும் பட்டையை இடுப்பில் கட்டினான். மறுமுனையை அவளிடம் தந்தான்.

"தண்ணிதான்னு நீ சொல்ற. நம்பறேன். உடைச்சிட்டு வர்றேன். பட்டை ஆடுற வரைக்கும் நான் இருக்கேன். நீ மட்டும் இறங்காத."

கதவைப் பனி அடைத்திருந்ததால் ஜன்னல் வழியே ஏறிக் குதித்தான். தன் கையே தனக்குத் தெரியாத வெள்ளை.

4

முதல் முடிவு: கட்டி உடைகிறது. வெதுவெதுப்பான தண்ணீர் விரல்களில் கொட்ட, சிரித்துக்கொண்டே திரும்புகிறான். (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்கு நம்பிக்கையில்லை.)

இரண்டாவது: பட்டை அறுந்து

(மாட்டேன். தெய்ஜியை எனக்குப் பிடித்துவிட்டது.)

நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. சூடான காற்று மறுபடி வீசுகிறது. பட்டை மட்டும் ஆடவில்லை. கயோ இழுத்துப் பார்க்கிறாள், கனக்கிறது. இறங்கினால் திரும்ப வழி தெரியாது. இறங்காவிட்டால், தன்னை நம்பிப் போனவன் வெளியே.

ஜன்னல் பொத்தானின் மேல் அவள் விரல் இருக்கிறது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அழுத்துவதோ விடுவதோ உங்கள் பாடு. சீக்கிரம்.