அவர் வசமிருந்து

சைக்கிள் கடை கோவிந்தராசு செருப்பைக் கழற்றிவிட்டுப் படிப்பகத்துக்குள் நுழைந்ததைப் பார்த்ததும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுபோயிற்று. நெல்லித்தோப்பில் படிப்பகம் வந்த நாளாக அந்த மனுஷர் அதன் படியை மிதித்ததில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். அவர் போய் மேசை முன்னால் உட்கார்ந்து, கிரீஸ் விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பக்கம் புரட்டினால் எதிர்வீட்டுக்காரி சும்மா இருக்க முடியுமா? முறத்தோடு ஜன்னலுக்கு மாறினேன்.

அவர் புரட்டியது காத்தவராயனின் ஒட்டுப் புத்தகத்தை. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் காத்தவராயனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய பத்திரிகையை வடை மடிக்கப் போடமாட்டார். அதில் நம் ஊர்ச் சேதி எது வந்திருந்தாலும் கத்தரித்து, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையால் பழுப்புத் தாளில் ஒட்டிவிடுவார். தேர்த் திருவிழா, குழாயடிச் சண்டை, பந்தாட்டம், எல்லாம் உண்டு. இத்தனை நாள் அதைச் சீந்த ஆளில்லை. இப்போது ஜானகிராமன் வாத்தியார் நெல்லித்தோப்பின் சரித்திரம் எழுதுகிறேன் என்று அதன்மேல் கவிழ்ந்து கிடக்கிறார். ஐம்பத்துநாலிலேயே ஊரை விட்டுப் போன பிரெஞ்சுக்காரன் வருகிற ஆகஸ்டில்தான் காகிதப்படியும் ஒப்படைக்கிறானாம். அன்றைக்கு மேடை போட்டுப் புத்தகத்தை வெளியிடுகிறார்கள். மேடையில் முதல் நாற்காலி தியாகி கோவிந்தராசுவுக்கு.

அவர் தியாகி ஆன கதை இது. ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக்காரனை எதிர்த்தவர்கள் எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் முகாம்களில் கிடந்தார்கள். கோவிந்தராசும் அந்த ஆடியில் காணாமல் போனார். ஐப்பசியில் ஊர் இந்தியாவோடு சேர்ந்ததும் முகாமில் இருந்தவர்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு லாரியிலிருந்து இவரும் இறங்கினார். மற்றவர்களுக்கு விழுந்த மாலை இவர் கழுத்திலும் விழுந்தது. மறுவாரமே யாரோ ஓர் ஆர்வக்காரன் கடைப் பலகையில் 'தியாகி சைக்கிள் கடை' என்று எழுதிவிட்டுப் போனான்.

மனுஷர் இருந்ததோ கடலூர் ஜெயிலில். விடுதலையாகி வெளியே வந்தவர், ஊருக்கு வருகிற லாரி என்று அதில் தொத்திக்கொண்டிருக்கிறார். சீமைக் கடிகாரங்களைத் துணியில் சுற்றி, டியூபை உருவிவிட்டு டயருக்குள் அடைத்து, இந்திய எல்லைச் சாவடியைத் தாண்டப் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்ட சைக்கிளை ஏறி மிதிக்க முடியுமா? தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். சைக்கிள் கடைக்காரன் பஞ்சர் ஒட்டத் துப்பில்லாமல் தள்ளிக்கொண்டு போகிறானே என்று சாவடிக்காரனுக்குச் சந்தேகம். என் நாத்தனார் புருஷன் அந்த ஜெயிலில் வார்டராக இருந்ததால் இதெல்லாம் எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெளியே விட்டிருந்தால் அவர் பெண்சாதி தனக்கொடி குழாயடிக்கு வந்து குடம் வைக்க முடியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். அவராக ஒருநாளும் 'நான் தியாகி' என்று சொன்னதில்லை. மாலையைக் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் தனக்கொடி வந்தாள். எனக்கு விஷயம் தெரியும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

"வேம்பக்கா, அவருக்குச் சோறே எறங்கல. தூக்கத்துல 'ஒட்டியிருப்பானோ, ஒட்டியிருப்பானோ'ங்கிறாரு."

"பேப்பர்ல வந்துதாடி?"

"வந்துதாம். ஜெயில்ல யாரோ படிச்சிக் காட்னானாம். ஆனா புஸ்தகம் பூரா தேடிட்டாரு. இல்லியாம்." சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டாள். கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் மனுஷர் சீட்டியடித்துக்கொண்டு வேலை செய்தார். பிறகு ஒரு மழை பெய்து படிப்பகத்து ஓடு ஒழுகியது. ஒட்டுப் புத்தகம் நனைந்தது. மறுநாள் ஜானகிராமன் வாத்தியார் ஈரத்துண்டு ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சைக்கிள் கடைக்கு ஓடினார். பின்னாலேயே காத்தவராயன். எனக்கும் உப்பு வாங்க வேண்டியிருந்தது.

"கோவிந்தராசு, கெடச்சிடுச்சிய்யா! பசை விட்டு உரிஞ்சி வந்துச்சி, திருப்பிப் பாக்குறேன், ஒங்க பேரு! கேளுங்க. 'புதுச்சேரி நெல்லித்தோப்பைச் சேர்ந்த கோவிந்தராசு என்பவர் நேற்றுச் சாவடியில் பிடிபட்டார். அவர் வசமிருந்து...' அத்தோட நிக்குது. மிச்சத்த இந்தக் கத்தரி தின்னுடுச்சி."

"ரெண்டு பக்கமும் சேதின்னா ஒண்ணத்தான முசே ஒட்ட முடியும்?" என்றார் காத்தவராயன், வாத்தியாரை எப்போதும் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்கிறவர். "முத்தியால்பேட்டைய நம்ம பசங்க பந்துல ஜெயிச்ச சேதி. அத வுட்டுட முடியுமா? பந்தாட்டத்த ஒட்டித்தான் கத்தரி வச்சேன்."

"சரி, ஒங்ககிட்ட என்னா இருந்துச்சி? கொடியா? நோட்டீசா?"

பக்கத்து டீக்கடை அலெக்சாண்டர் எட்டிப் பார்த்தார். "வெடிகுண்டாக்கூட இருக்கும் முசே. ஆளு பாக்கத்தான் பூனையாட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். கோவிந்தராசு குனிந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த ஒரு நட்டை மறுபடி இறுக்கினார். காதுமடல் சிவந்திருந்தது. இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்காததால் அவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மறந்துபோச்சி சார்."

எனக்குத் தெரிந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பொய் அது.

"தியாகிங்களே இப்பிடித்தான்" என்று வாத்தியார் உருகினார். "நீங்க மறந்தா என்னா? கடலூர்ல ஒரு வக்கீல் வூட்டுல அந்த வருசத்துப் பேப்பர் மொத்தத்தையும் கட்டி வச்சிருக்காங்க. ஞாயித்துக்கெழம போயி முழுசா எழுதியாந்துடுறேன். மேடையில நீங்க ஒக்காந்திருக்க, நானே படிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாத்தியாரின் சைக்கிள் கோவிந்தராசுவின் கடை முன்னால் நின்றது. காற்று அடிக்க வேண்டுமாம். பிடிபட்டவரிடமே வந்து காற்று அடித்துக்கொண்டு கடலூர் போகிறவரை என்னவென்று சொல்ல? நானும் தனக்கொடியும் கடையை ஒட்டிய அவள் வீட்டு வாசலில் நின்றோம்.

"ஒரு ஆணி போதும்க்கா" என்றாள் தனக்கொடி, உதடு அசையாமல். "கடலூர் ரோட்டுல கிருமாம்பாக்கம்கூடத் தாண்டாது."

ஆணி டப்பா கோவிந்தராசுவின் காலடியில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வாத்தியார் அலெக்சாண்டரிடம் டீ சொல்லிக்கொண்டிருந்தார். கோவிந்தராசு இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். பிரேக்கை அழுத்திப் பார்த்து, கட்டை தேய்ந்திருக்கிறது என்று புதுசு மாட்டினார். காசு எடுத்த வாத்தியாரின் கையைத் தள்ளிவிட்டார். தன் கல்யாணச் சைக்கிளுக்குக்கூட மனுஷர் அத்தனை பார்த்திருக்கமாட்டார்.

வாத்தியார் ஏறப் போனபோது கோவிந்தராசு ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அவ்ளோ தூரம் நீங்க மிதிக்க வாணாம் சார். பின்னால ஒக்காருங்க. நான் மிதிக்கிறேன்."

"நீங்களேவா! சேதிய நீங்களே நேருல கேக்கணும்னு ஆசையாக்கும்!" வாத்தியார் குழந்தை மாதிரி கேரியரில் தொத்திக்கொண்டார்.

"எதுக்குக்கா கூடப் போறாரு?" தனக்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேப்பர் சொல்றதுக்குள்ள தானே சொல்லிடலாம்னு இருக்கும்டி" என்றேன்.

சைக்கிள் தெருவில் இறங்கியது. வாத்தியார் அவர் முதுகைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டே போனார், கையை ஆட்டி ஆட்டி. கோவிந்தராசு திரும்பவில்லை. மூலை வந்ததும் மணி அடித்தார். அடித்துக்கொண்டே போனார். எதிரே யாருமில்லை.