தொடாமல் நின்றவர்கள்

முதலுதவி வகுப்பில் நர்ஸ் அடித்துச் சொன்னது ஒன்றைத்தான்: "அடிபட்டவங்களைக் கையைக் காலைப் பிடிச்சுத் தூக்கிடாதீங்க. கழுத்துல முறிவு இருந்தா, அப்புறம் ஆயுசுக்கும் படுக்கைதான்."

சரக்கு வண்டி ஷெட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் மூட்டை ஏற்றிப் பழகியவர்கள். மனிதர்களையும் அப்படித்தான் ஏற்றுவார்கள். அதனால்தான் நர்ஸ் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அப்போ என் மாமியார் விழுந்தா நான் தொடவே மாட்டேன் சிஸ்டர்" என்றார் ஒரு டிராக்டர்காரர். ஷெட்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். மூச்சு அடைத்தால் எப்படித் திருப்புவது என்ற பாடத்துக்குப் பயிற்சிப் பொம்மையை எடுத்தபோது பாதிப்பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். டிராக்டர்காரர் உட்பட. அவள் கூப்பிடவில்லை.

மறுநாள் மதியம், ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவள் பாலத்தருகே கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினாள். நடுவில் டிராக்டர்காரர் இரண்டு கைகளையும் விரித்து, யாரையும் கிட்டே விடாமல் நின்றார்.

"சிஸ்டரே வந்துட்டாங்க! ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. ஒரு பய தொடல சிஸ்டர். நான் விடல."

தரையில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். பைக் பள்ளத்தில் கிடந்தது. அவர் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து, தொடக்கூடாதென்று தன் கைகளைத் தானே பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையிலிருந்து குடம் நிரம்புவதுபோல ஒரு சத்தம். வாய் நிறைய ரத்தம்.

உடனே ஒருக்களிக்கத் திருப்ப வேண்டும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் கை நீளவில்லை. பொம்மையின் கழுத்து முறியாது. வார்டில் கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் வருவார். இங்கே திருப்பி ஏதாவது ஆனால் அது அவள் கை செய்ததாகிவிடும். தொடாமல் இருந்தால் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆம்புலன்ஸ் சத்தத்துக்காகத் தான் காது கொடுத்துக்கொண்டிருப்பது அவருக்காக அல்ல, தனக்காக என்று அவளுக்குத் தெரிந்தது.

அவர் தொண்டைச் சத்தம் நின்றது.

அவள் மண்டியிட்டாள். மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "தொடாதீங்கம்மா! நடக்கவே முடியாதுன்னு அந்த அண்ணன் சொன்னாரே!"

"மூச்சு நின்னுடுச்சும்மா. விடுங்க."

தலையை இரண்டு கைகளுக்குள் ஏந்தினாள். "அண்ணே, நீங்க தோளைப் பிடிங்க. தம்பி, நீங்க இடுப்பு. நான் 'ம்' சொன்னதும் எல்லாரும் ஒண்ணா. தலையும் உடம்பும் ஒரே நேரா திரும்பணும். ம்!"

ரத்தம் கொட்டியது. அதோடு ஒரு பல்லும் விழுந்தது. மூச்சு வரவில்லை. ஒரு கையால் தலையைத் தாங்கியபடி அவர் வாய்க்குள் விரலை விட்டு, அடைத்திருந்த ரத்தக்கட்டியை வழித்தெடுத்தாள். ஒரு இருமல். அப்புறம், கிழிந்த துணி மாதிரி ஒரு மூச்சு.

"காலு?" என்றாள் மனைவி.

தலையைப் பிடித்திருந்தவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "அண்ணே, பாதத்துல கிள்ளுங்க."

"இழுத்துக்கிட்டாரு சிஸ்டர்!"

"அடுத்த கால்."

டிராக்டர்காரர் நகர்ந்தார். கிள்ளினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதையும் இழுத்துக்கிட்டாரு" என்றார் கடைசியில். "சிஸ்டர்... நான் பக்கத்துலயே நின்னேன். அவ்வளவு நேரம். யாரையும் விடாம."

ஆம்புலன்ஸ் வந்தது. "நாங்க பிடிச்சுக்கிட்டோம், கையை எடுங்க" என்றார்கள் அதில் வந்தவர்கள். அவள் எடுக்கத்தான் நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக அவர்கள்தான் பிரித்தெடுத்தார்கள்.