மாடியில் இரண்டு பேர்

1

இந்தக் கதையின் முதல் வரியை எழுதியது நான் அல்ல, வீட்டுத் தரகர். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "தனி ஆளுக்கு வீடு கிடையாது. முன்னாடி மாடியில இருந்தவரு உள்ளயே விழுந்து கெடந்தாரு. கீழ இருந்த எனக்கே தெரியல. அந்தப் பாவம் எனக்கு இன்னொரு தடவ வேணாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் தரகர் முந்திக்கொண்டார். "அக்கா தங்கச்சி ரெண்டு பேரும்மா! அக்காவுக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி. பகல்ல தூங்குவாங்க." சளைக்காமல் அளந்துவிட்டார்.

எனக்கு அக்கா கிடையாது. யாருமே கிடையாது. இருந்தும் தலையை ஆட்டினேன். தெருவைப் பார்த்த அந்த மாடிச் சன்னலை விட மனம் வரவில்லை.

2

கதை இப்படித் தொடங்கியிருக்க வேண்டும்:

"நகரத்தின் பழைய பகுதியில், கல் பாவிய குறுகலான தெருவில், காலத்தின் சுவடுகள்..."

வேண்டாம். சுற்றுலா விளம்பரம் மாதிரி இருக்கிறது.

சாதாரணமாகவே சொல்கிறேன். இங்கே எல்லாம் நடந்து போகிற தூரம்: பேக்கரி, மருந்துக்கடை, நான் புரூஃப் பார்க்கும் அச்சகம். இனி பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன். எல்லோரும் நடக்கிற தெருவில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துவிடுவார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

"உங்க அக்காவ ஒருநாள்கூடப் பாக்கலையே?" என்றார் பேக்கரிக்காரர்.

"தூங்குறா."

[என் அக்கா கதை முழுக்கத் தூங்குகிறாள். கும்பகர்ணனுக்குத் தங்கையாகப் பிறந்திருக்கலாம்.]

வெளியூர்க்காரர்கள் வந்து எங்கள் வீட்டின் பழைய முகப்பைப் போட்டோ எடுப்பார்கள். நான் சன்னலில் நின்றால், கொஞ்சம் நகரச் சொல்லிக் கை காட்டுவார்கள். எத்தனையோ பேரிடம் என் சன்னல் இருக்கிறது. அதில் நான் இல்லை.

3

இந்த அக்கா பாத்திரம் ஒட்டவில்லை என்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அதனால் வாசலில் இன்னொரு ஜோடி செருப்பு வைத்தேன், என்னுடையதைவிட ஓர் அளவு பெரியது. விடிந்ததும் சத்தம் போடாமல் இறங்கிப் போய், டூட்டி முடிந்து வருபவள்போல அதைப் போட்டுக்கொண்டு தொப் தொப்பென்று படியேறினேன். டீ குடித்துவிட்டு இரண்டு டம்ளர் கழுவினேன்.*

* டம்ளர் கழுவுவது கீழ்வீட்டுக்குக் கேட்காது. பிறகு எதற்குக் கழுவினாய் என்று கேட்காதீர்கள்.

4

போன வாரம் வீட்டுக்காரம்மா என்னைப் படியில் நிறுத்தினார்.

"நேத்து உங்க அக்கா வந்து ரொம்ப நேரம் பேசிட்டுப் போனா. உன்ன மாதிரி உம்மணாமூஞ்சி இல்ல. கலகலன்னு பேசுறா."

"என்ன... பேசுனா?"

"உன்னப் பத்தித்தான். நீ ஒழுங்கா சாப்புடுறதே இல்லையாமே?"

எல்லாம் தெரிந்துகொண்டு என்னைச் சீண்டுகிறாரா? வேறு யாரையோ என் அக்கா என்று நினைத்துவிட்டாரா? அல்லது, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அவரும் என்னைப்போலவே...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிவில்லை.)

வீடு போய்விடுமே என்ற பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ பொறாமை. நான் செருப்பு வாங்கிக் கொடுத்த அக்கா, என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

5

இதைக் காய்ச்சலில் படுத்தபடி எழுதுகிறேன். எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு ஜோடி செருப்பும் வாசலில் அப்படியே கிடக்கின்றன.

கதவு தட்டுகிற சத்தம்.

"அம்மாடி, மாடியில நடமாட்டத்தையே காணோமே. ஒடம்பு சரியில்லையா? உங்க அக்கா கூட இருக்காளா? இருந்தா சரி, நான் கீழ போறேன். இல்லன்னா கதவத் தெற."

முடிவு அ: "இருக்கா" என்கிறேன். அவர் இறங்கிப் போகிறார். வீடு தங்கும். தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது.

முடிவு ஆ: தவழ்ந்தாவது போய்த் திறக்கிறேன். நெற்றியில் ஒரு கை படும். காய்ச்சல் விட்டதும் பெட்டியைக் கட்டவேண்டி வரலாம்.

முடிவு இ: அக்கா எழுந்துபோய்...

இல்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

"அம்மாடி?"

அவர் இன்னும் போகவில்லை. அக்கா இருக்கிறாளா என்று கேட்டவருக்கு ஒரு பதில் வேண்டும். எனக்குக் குரல் எழும்பவில்லை. இந்த அறையில் இப்போது என்னோடு இருப்பது நீங்கள் மட்டும்தான்.

நீங்களே சொல்லுங்கள்.