இரண்டாவது முறை மேட்டுக்கு

பந்து எறிந்துகொண்டிருந்த கோல்பியின் முழங்கை சோர்ந்து இறங்கிவிட்டதை நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ், ஒருவன் அவுட், நாங்கள் ஒரு ரன் முன்னால். கான்சாஸ் காற்று மைதானத்துப் புழுதியை வாரி எங்கள் பெஞ்சில் கொட்டிக்கொண்டிருந்தது. இன்று ஜெயித்தால் தேசியப் போட்டி. தோற்றால் எங்கள் கல்லூரியில் பேஸ்பாலுக்கே மூடுவிழா. கல்லூரித் தலைவி போன மாதமே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். ஆடுகிற பிள்ளைகளுக்குக் கல்லூரிகளே சம்பளம் கொடுக்கலாம் என்று ஆனதிலிருந்து இருக்கிற காசையெல்லாம் ஃபுட்பால் விழுங்குகிறது. எங்களுக்கு மிச்சம் ஓட்டை பஸ்ஸும் கிழிந்த வலையும்தான்.

தலைமைக் கோச் டெல்பர்ட். நான் அவருக்கு உதவி. அவர் பெரிய தொழில்முறை லீகில் நான்கு வருடம் பந்து எறிந்தவர். ஐந்தாவது வருடம் தோள் கிழிந்தது. இன்றைக்கும் அலமாரியின் மேல்தட்டு அவருக்கு எட்டாது. பதினொரு வருடமாக இங்கே பையன்களை உருவாக்குகிறார். உருவாக்கி என்ன? நன்றாக எறிகிற ஒவ்வொருவனையும் ஜூன் மாதம் ஏதாவது ஒரு பெரிய பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போய்விடுகிறது. கோல்பிக்கும் விலை பேசியாயிற்று. மூன்று லட்சம் டாலர், கை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தந்தால். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன்?

அவன் எத்தனை பந்து எறிந்தான் என்று எண்ணுவது என் வேலை. கையில் ஒரு எண்ணும் கருவி. பந்துக்கு ஒரு அழுத்து. நூறைத் தாண்டினால் கை கெட்டுவிடும் என்று பயம்.

“எத்தன?” டெல்பர்ட் திரும்பாமல் கேட்டார்.

கருவியில் நூற்றுப் பதினாறு.

“தொண்ணூத்தாறு கோச்.”

பதினொரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

அடுத்த பந்து வழிதவறி எங்கோ போனது. அது நாலாவது தப்புப் பந்து, அடிக்க நின்றவன் இலவசமாக முதல் தளத்துக்கு நடந்தான். டெல்பர்ட் மைதானத்துக்கு ஏறும் படியில் கால் வைத்தார். இந்த இன்னிங்ஸில் ஏற்கெனவே ஒருமுறை, எறிகிறவன் நிற்கும் மேட்டுக்குப் போய்க் கோல்பியிடம் பேசிவிட்டு வந்திருந்தார். கோச் இரண்டாவது முறை போனால் பேச்சுக்கே இடமில்லை, எறிகிறவன் வெளியே வந்தாக வேண்டும். விதி அப்படி. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னும் அஞ்சு அவுட்டுதான். விட்ருங்க. அவன் நம்ம பையனா? அடுத்த வருஷம் நம்மளையே துவைக்கப் போறான்.”

“நாளைக்கு யாரு பையனோ. இப்ப என் டீம் சட்டையில நிக்கிறான்.”

“தோத்தா அந்தச் சட்டையே இருக்காது கோச்!”

“தெரியும்.” என் முகத்தைப் பார்த்தார். “தொண்ணூத்தாறா ரஸ்ஸல்?”

“நூத்திப் பதினேழு.”

 அவர் வேலியோரம் கை பழக்கிக்கொண்டிருந்த மாற்று ஆள் எமெட்டை வரச்சொல்லிக் கைகாட்டிவிட்டு நடந்தார். எமெட் மண்ணியல் படிக்கிறவன். வேகம் என்று சொல்ல அவனிடம் ஒன்றுமில்லை.

காற்று எங்கள் பக்கம் அடித்ததால் மேட்டில் பேசியது காதில் விழுந்தது.

“சத்தியமா வலிக்கல கோச். என்னை எடுக்கப்போற யூனிவர்சிட்டி ஆளு கூட்டத்துல உக்காந்திருக்கான். என் மானத்த வாங்காதீங்க.”

“பந்தக் குடு.”

“என்னை எடுத்தா தோத்துருவீங்க. டீமையே மூடிருவாங்க!”

“அப்ப மத்தவங்க இன்னும் கெட்டியா ஆடணும். குடு.”

கோல்பி பந்தை அவர் உள்ளங்கையில் அறைந்துவிட்டு வந்தான். கூட்டம் டெல்பர்ட்டைப் பார்த்து ஊளையிட்டது. கோல்பி என்னைத் தாண்டிப் போய்த் தண்ணீர் பிடித்தான். கோப்பை ஆடியது. தண்ணீர் மணிக்கட்டிலும் சட்டையிலும் ஷூவிலும் சிந்தியது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரஸ்ஸல்,” என்றான், மெல்ல. “ரெண்டு விரல் மரத்துப் போச்சு. மூணாவது இன்னிங்ஸ்லேர்ந்தே.”

 இருபது பந்தை மறைத்த கை இது என்று என் கையை நானே பார்த்தேன்.

டெல்பர்ட் திரும்பி வந்தார், உட்காரவில்லை. படியில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

“போட்றா எமெட்! அடிக்கிறவன் மூஞ்சியப் பாக்காத, பிடிக்கிறவன் கையுறையப் பாத்துப் போடு!”

எமெட் காலைத் தூக்கினான். நான் கோப்பையை வாங்கிக் கோல்பியின் வாயருகே பிடித்தேன். ஒரு நொடி முறைத்தான். பிறகு குனிந்து குடித்தான்.