பெட்டிக்கு நூறு

என் தங்கச்சி என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், அறைக்குள்ளேயே சாப்பாடு என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள். நான் வேலையிலிருந்து வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து மென்றேன். அவளை மறுபடி எதிரில் உட்கார வைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை.

நான் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் நைட் ஷிப்ட். அன்றைக்குப் பொரிந்த குஞ்சை இடது கையில் கவிழ்த்து, வயிற்றை அமுக்கி எச்சத்தைப் பீய்ச்சி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் விரித்து விளக்கடியில் பார்ப்பேன். கடுகளவு மொட்டு தெரிந்தால் சேவல். மணிக்கு எண்ணூறு. பெட்டை வலது பக்கப் பெட்டிக்கு, அங்கிருந்து லாரிக்கு. முட்டைக்கென்று வளர்க்கும் இனத்தில் சேவலால் யாருக்கும் உபயோகமில்லை. முட்டை போடாது, சதையும் பிடிக்காது. அது இடது பக்கப் பெட்டிக்கு. அங்கிருந்து அரைக்கும் மெஷினுக்கு. பெட்டிக்கு நூறு. மெஷினை மிக்ஸி என்போம். அதை ஓட்டுகிறவர் மிக்ஸிக்காரர்.

நான் காலேஜைப் பாதியில் விட்டவன். தங்கச்சி விடவில்லை, தத்துவம் படித்தாள். படிக்கப் படிக்க முதலில் கறி போனது, பிறகு முட்டை, பால், தோல் செருப்பு. கடைசியில் நான்.

"என் கை என்ன பண்ணுச்சு, வாத்தியாரம்மா? நான்தான் மெஷினைப் போடறேனா? பிரிச்சுக் குடுக்கறேன், அவ்வளவுதான்."

"பிரிக்கிறதுதான்டா அண்ணா மோசமே. யார் வாழணும், யார் அரைபடணும்னு நீதான் பாக்கற. அவர் சும்மா சுவிட்ச் போடறார்."

"ஒரு செகண்ட். வலின்னு நெனைக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்."

"வலிக்காம ஒரு செகண்ட்ல உன்னைக் கொன்னா பரவாயில்லையா?"

"ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப எவனாவது பண்ணினா புண்ணியமாப் போகும்."

அவள் சிரிக்கவில்லை. "கைக்குழந்தைக்குப் பேசத் தெரியாது, நாளைக்குன்னு ஒண்ணு இருக்கறது தெரியாது. அதை அரைப்பியா?"

"குழந்தை நம்மாளு."

"நம்மாளுன்னா தொடக்கூடாது, இல்லேன்னா எது வேணா செய்யலாம். ஊர்ல நடக்கற எல்லா அநியாயத்துக்கும் இந்த நம்மாளு கணக்குதானே? அதுக்கு மேல ஒரு காரணம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு. சொல்லிட்டா இப்பவே வந்து உக்காந்து சாப்பிடறேன்."

இரண்டு நாள் யோசித்தேன். குஞ்சைத் திருப்பும்போதெல்லாம் யோசித்தேன். கிடைக்கவில்லை. எண்ணூறு பின்பக்கம் பார்க்கிற வேலையில் பதில் எங்கிருந்து வரும்? நானும் படித்து முடித்திருந்தால் கிடைத்திருக்கும் என்று தோன்றியது. அது தோன்றியதும் அவள் மேல் ஆத்திரம் வந்தது.

மூன்றாம் நாள் அவளே சொன்னாள். "ஒரு பெட்டி எடுத்துட்டு வா. சேவல்தான். நான் வளர்த்துக்கறேன். நூறு உசுரு தப்பிச்சா அன்னைக்கு உன்கூட சாப்பிடறேன்."

இடது பக்கப் பெட்டியை யாரும் எண்ணுவதில்லை. மிக்ஸிக்காரரிடம் ஒன்று வேண்டும் என்றேன்.

"பூனைக்கா?"

"தங்கச்சிக்கு."

"எல்லாம் ஒண்ணுதான், எடுத்துட்டுப் போ."

காலையில் பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். மூடியைத் திறந்தவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். "என்ன குடுக்கணும் இதுங்களுக்கு?"

"தீனி, தண்ணி. வேற என்ன?"

வேறு என்ன என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் வயதுக் குஞ்சுக்கு முதல் வாரம் காய்ச்சல்காரன் நெற்றிச் சூட்டைவிடக் கொஞ்சமே குறைந்த சூடு வேண்டும். பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். குளிர்ந்தால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட வேண்டும், இல்லையென்றால் விழுந்து நனைந்து விறைக்கும். எல்லாம் தெரியும். அவள் தன் அறைத் தரையில் செய்தித்தாள் விரித்து, நொய் தூவி, சாப்பாட்டுக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, காற்று வேண்டுமே என்று ஜன்னலைத் திறந்து, மின்விசிறியையும் போட்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பிறகு போய்ப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

சாயங்காலம் எழுந்தபோது பதினாறு போயிருந்தது. மூலையில் தட்டையாக, துவைத்துப் பிழிந்த மாதிரி கிடந்தன. மறுநாள் காலை மேலும் நாற்பது. கிண்ணத்தில் மூன்று மிதந்தன. அதற்கடுத்த நாள், உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடி மூடித் திறந்து, அலகைப் பிளந்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தண்ணீர் ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. அவள் காலேஜுக்குப் போகவில்லை. தலை சீவவில்லை. செத்தவற்றைப் பழைய துப்பட்டாவில் முடிந்து குப்பைத் தொட்டிக்கும் அறைக்கும் நடந்தாள்.

"மிக்ஸில ஒரு செகண்ட். உன்கிட்ட மூணு நாள். யார் நல்லவங்க, நீயே சொல்லு, வாத்தியாரம்மா."

அவள் ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். "எனக்குக் கை வரல. தப்பு என்னோடது. அதனால உன் மெஷின் சரின்னு ஆயிடுமா?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினேன்.

நான்காம் நாள் காலை மிக்ஸிக்காரர் தன் வண்டியில் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தவர், டீ கேட்டு உள்ளே வந்தார். பால் இல்லாத டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். பதினொன்று மிச்சமிருந்தது.

"ஏம்மா, பல்பு எங்க? இந்தக் குளிர்ல போட்டிருக்கியே!"

"பல்பா?"

"மூக்கையாவது முக்கி விட்டியா? முதல் நாளே ஒவ்வொண்ணாப் புடிச்சு தண்ணியில மூக்கை ஒரு வாட்டி முக்கணும். அப்பதான் இது தண்ணின்னே அதுக்குத் தெரியும். தாய்க்கோழியா இருக்கு, சொல்லித்தர? உங்க அண்ணன் சொல்லலியா? புதுசா வர்றவனுக்கெல்லாம் அவன்தானேம்மா கிளாஸ் எடுக்கறான்!" ஒரு மடக்குக் குடித்தார். "என்ன டீ இது, கஷாயம் மாதிரி."

அவர் வண்டி தெருமுனையைத் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். என்மேல் அவளுக்கு அந்த அளவு நம்பிக்கை பாக்கி இருந்தது என்று அவள் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"தெரியும். நீ கேக்கல."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து ஒரு குஞ்சை எடுத்து, அலகைக் கிண்ணத்தில் முக்கினாள். அது தலையைத் தூக்கித் தொண்டையை அசைத்து விழுங்கியது. அடுத்ததை எடுத்தாள். என் மேசை விளக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்து தரையில் சாய்த்து வைத்தாள்.

மாலைக்குள் ஏழு நின்றுகொண்டிருந்தன. அவள் துணிமணியைப் பையில் அடைத்து, குஞ்சுகளை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தாள். சிநேகிதி வீட்டுக்குப் போகிறாளாம். நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு, அதே நாற்காலியில்.

"எத்தனை நாளைக்கு பல்பு வேணும்?"

"நாலு வாரம். வாரா வாரம் கொஞ்சம் தூக்கிக் கட்டு."

"பெருசானா?"

"நாலஞ்சு மாசத்துல சண்டை போடும். கண்ணைக் கொத்திக்கும். பிரிச்சு வைக்கணும்."

எழுதினாள். "தீனி?"

"கடையில குஞ்சுத் தீவனம்னு கேளு. அதுல மீன் தூள் இருக்கும்."

பேனா நின்றது. "மீன் இல்லாம?"

"இல்லாம வளராது. மீன் செத்தாதான் இது பொழைக்கும். எது வேணும்னு நீதான் பிரிக்கணும்."

அவள் மீன் தூள் என்று எழுதி, நோட்டை மூடி, அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

மீன் தூளுக்குப் பதில் சோயா கலந்த தீவனம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். குஞ்சு நன்றாகவே வளரும்.