அனுமதி கேட்ட வேடன்

என் கணவர் அரியரத்தினம் இளகிய மனசுக்காரர். நாங்கள் குடியிருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ நகரத்து வீட்டில் ஒரு நுளம்பை அடிப்பதற்குக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அடித்த பாவம் எனக்கு, நித்திரை அவருக்கு.

2004இல், ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு மணித்தியால ஓட்டத்தில் தோட்டக்காணி ஒன்று வாங்கினோம். ஜான்-டலோன் சந்தைக்குப் பூசணிக்காய் விளைவிப்பதாகத் திட்டம். விளைந்தவை அறிவிப்புப் பலகைகள்தான். 'உள்ளே வராதே, வேட்டை தடை' என்று மகள் சாருஜாவைக் கொண்டு பிரெஞ்சில் எழுதுவித்து வேலி முழுக்க அறைந்தார். பூசணியை மான் தின்றால் தின்னட்டுமாம். வள்ளியே மான் வயிற்றில் பிறந்தவளாம். கோயிலில் வருடா வருடம் வள்ளி திருமணம் பிரசங்கம் செய்கிறவர் வேறு எப்படிக் கதைப்பார்?

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, காணியில் இருக்கும் சின்ன வீட்டின் கதவை ஒருவர் தட்டினார். தாடி, செம்மஞ்சள் அங்கி. வேட்டைத் துவக்கை வாகனத்தில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"மான் ஒண்டு இந்தப் பக்கம் வந்ததைக் கண்டனீங்களோ எண்டு கேக்கிறார்," என்றாள் சாருஜா.

தினைப்புனத்தில் முருகன் வள்ளியிடம் கேட்ட அதே கேள்வி. பிரசங்கத்தில் என் கணவர் குரலைக் குழைத்துச் சொல்லும் இடம். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"பக்கத்துக் காணியில சுட்டவராம். காயத்தோட எங்கட பக்கம் ஓடி விழுந்திட்டுதாம். உள்ள வந்து முடிச்சு எடுக்கலாமோ எண்டு கேக்கிறார்."

"நோன்," என்றார் இவர். இந்த ஒரு பிரெஞ்சுச் சொல் மட்டும் இவருக்குத் துலக்கமாக வரும். "என்ரை காணிக்குள்ள கொலை நடக்க விடமாட்டன் எண்டு சொல்லு."

வந்தவர் 'மெர்சி' என்று நன்றி சொல்லிவிட்டு வேலிக்கு வெளியே போய் நின்றார். ஓரடிகூட உள்ளே வைக்கவில்லை. மான் எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. முன்காலை ஊன்றி எழும்பப் பார்ப்பதும் விழுவதுமாகக் கிடந்தது. நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"அது படுற பாட்டைப் பாருங்கோ. அந்த மனிசனை உள்ள விடுங்கோ."

"வேட்டைக்காரனை விடுறதோ?"

"வள்ளியின்ரை தினைப்புனத்துக்குள்ள வந்தவரும் வேட்டைக்காரன்தானே?"

"அவர் முருகன்."

"முருகன் ஆரிட்டைக் கேட்டுக்கொண்டு வந்தவர்? இந்த மனிசன் கதவு தட்டிக் கேக்குது."

தெய்வ நிந்தனை என்றார். பேந்து கதைப்பம் என்றார். அதுவரை மான் துடித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள்.

"காணி என்ரை பேரிலயும்தான் கிடக்கு. சாருஜா, அவரை உள்ள வரச் சொல்லு."

ஒரு வெடிதான். பிறகு தோட்டம் அமைதியாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

அடுத்த கிழமை கோயிலில் நாலு பேருக்கு நடுவே நின்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு சீவன் என்ரை காணிக்குள்ள கிடந்து துடிக்கிறதைப் பாக்க என்னால ஏலாமப் போச்சு. நான்தான் அவனை உள்ள விட்டனான்."

முதல் பாதி பொய்யில்லை. பார்க்க ஏலாமல்தான் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, வெடி கேட்கும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.