நூற்றொரு துளை

நாகையா என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். மூன்றாம் படிவத்தோடு நின்று, கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவன். நான் இன்ஜினியரிங் படித்து, பிரிக்பீல்ட்ஸில் காப்புரிமை ஏஜெண்டாக ஆபீஸ் வைத்திருக்கிறேன். பதினாறு வருஷமாக ஊரார் கண்டுபிடித்ததையெல்லாம் சட்ட பாஷையில் எழுதிக் கொடுக்கிறேன். சொந்தமாக ஒரு திருகாணி கூடக் கண்டுபிடித்ததில்லை. அவன் இடியாப்ப மெஷின் கண்டுபிடித்தான்.

மாவு பிழியும் தட்டு லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். இழை ஒட்டாது, அறாது. அவ்வளவுதான் விஷயம். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என் மனைவி சந்திரகலா அந்த இடியாப்பத்தை நாலு தின்றுவிட்டு, படித்தவர்களுக்கு இது தோன்றவில்லையே என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை.

காப்புரிமையின் உயிர், கோரிக்கைப் பகுதி. எது தன்னுடையது என்று அதில் எழுதுகிறோமோ, அதுதான் வேலி. வேலிக்கு வெளியே இருப்பதை எவனும் எடுத்துக்கொள்ளலாம். நான் முதலில் ‘பல துளைகள் கொண்ட நடுங்கும் தட்டு’ என்றுதான் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது நாகையா நூற்றொன்று என்று போடச் சொன்னான். மொய் எழுதினாலும் ஒன்று கூட்டித்தானே எழுதுகிறோம், அந்த ஒன்றில்தான் விருத்தி, தட்டிலும் எண்ணி நூற்றொன்றுதான் போட்டிருக்கிறேன் என்றான்.

வேறு யாராவது கேட்டிருந்தால் அரைமணி நேரம் வாதாடி மறுத்திருப்பேன். எண்ணைப் போட்டால் வேலி சுருங்கும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். அன்று மட்டும் அவன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். மறதி இல்லை, தெரிந்தேதான். அது போதாதென்று விளக்கப் பகுதியில், ‘துளைகள் சரியாக நூற்றொன்று இருப்பது அவசியம்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். அதை அவன் கேட்கவேயில்லை.

காப்புரிமை கிடைத்தது. லோரி வேலையை விட்டுவிட்டு மெஷின் செய்து விற்க ஆரம்பித்தான். மறு வருஷமே காஜாங்கில் ஒரு கம்பெனி அதே நடுங்கும் தட்டோடு மெஷின் இறக்கியது. துளைகள் தொண்ணூற்றாறு. நாகையா வழக்குப் போட்டான்.

கோலாலம்பூர் கோர்ட்டில் நீதிபதி நிதானமாகத் தீர்ப்பு வாசித்தார். வெறும் சொல்லை மட்டும் பார்க்கக் கூடாது, தொழில் தெரிந்தவர் படித்தால் என்ன விளங்கிக்கொள்வார் என்று பார்க்க வேண்டும் என்றார். ஐந்து துளை குறைந்தாலும் மெஷின் அப்படியேதான் வேலை செய்யும் என்பதையும் ஒத்துக்கொண்டார். ஆனால் ‘அவசியம்’ என்று வாதியே எழுதிவைத்த பிறகு, அந்த எண்ணை அவர் வேண்டுமென்றே வைத்ததாகத்தான் யாரும் கொள்வார்கள். ஆகவே காஜாங் மெஷின் மீறல் ஆகாது.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் குளுகுளுவென்று இருந்தது.

வெளியே வந்ததும் நாகையா என் தோளைப் பிடித்தான்.

“நீ ‘பல’ன்னுதான்டா போட்ட. நான்தான் மொய், விருத்தின்னு சொல்லி கெடுத்துட்டேன். அந்த ‘அவசியம்’கூட நான் அடம் பிடிச்சதாலதானே எழுதுன. உன் மேல தப்பே இல்ல லா.”

வக்கீலிடமும் அதையேதான் சொன்னான். போனில் அவன் மனைவி வாணியிடமும் அதையே சொன்னான். என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். “இது புதுசு. இந்தத் தடவ நீ சொல்றபடியே கேட்டுக்குறேன்.”

மோட்டாரே இல்லாமல், இடியாப்பம் வேகும் ஆவியிலேயே தட்டு நடுங்கும்படி வரைந்திருந்தான். முன்னதைவிட நன்றாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.